அப்பாயியின் இடுப்பிலிருந்த உலோகம்

பெரகலையிலிருந்து வரும் நெடுஞ்சாலை, வெலிமடையிலிருந்து பதுளைக்கு இறங்கும் சாலையோடு வந்து சேருமிடம் ஹாலிஎல. புகைவண்டியில் வருவோருக்கு அது பதுளைக்கு முந்திய நிலையம். அங்கே இறங்குபவர் சிலர். அவர்தம் மூட்டைகளோ பல. அந்நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் மேல்நோக்கி நடந்தால் எங்கள் தோட்டத்து லயங்கள் தென்படும். என் தந்தையைப் பெற்ற அப்பாயி, அந்த மலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். பேர் வெட்டப்பட்டு ஓய்வுபெற்ற பின்னரும் கைக்காசுக்கு மலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. அவ்வாறு போன ஒரு மழைக்காலக் காலையில், நிறைகூடையுடன் கானொன்றைத் தாண்டுகையிற் கால் சறுக்கி விழுந்தார். இடுப்படியிலே தொடையெலும்பின் கழுத்து முறிந்துபோயிற்று. கம்பளியை இரு கழிகளிற் கட்டி, அதில் அவரைக் கிடத்திச் சாலைவரை தூக்கி வந்தார்கள். அப்பொழுது நான் உயர்தர வகுப்பு மாணவன். கம்பளியின் ஒரு முனை என் தோளில் இருந்தது.

வைத்தியசாலையில் முறிந்த எலும்பின் தலையை அகற்றிவிட்டு, அதற்குப் பதிலாக உலோகத்தாலான ஒரு பந்தையும் அதனோடு சேர்ந்த நீண்ட தண்டையும் பொருத்தினார்கள். தண்டு தொடையெலும்பின் உட்குழியில் இறுக்கமாக இறக்கப்பட்டது. ஒரு மாதத்தில் அப்பாயி கோலூன்றி நடந்தார். ஆறு மாதத்திற் கோலை மூலையிற் சாத்திவிட்டார். இச்சத்திரசிகிச்சை இல்லாதிருப்பின் அவர் படுக்கையிலேயே கிடந்து மாய்ந்திருப்பார் என்பதில் எங்களுக்கு எவ்வித ஐயமும் இல்லை. ஆதலால் இங்கு நான் எழுதப்போவதை எவர்மீதும் சாட்டும் குறையாகக் கொள்ளலாகாது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் தொடையில் ஒரு வலி தொடங்கிற்று. அது விசித்திரமான வலி. இருந்த இடத்திலிருந்து எழும்போது மட்டுமே வரும்.

“எந்திரிக்கையில மட்டுந்தான் ராசா. நாலடி எடுத்து வச்சா சரியாப் போயிரும். உள்ளுக்கு அந்த இரும்பு ஆடுது. நம்ம லயத்துக் கதவாணி மாதிரி” என்றார் அப்பாயி.

சிகிச்சை நிலையத்தில் இளம் வைத்தியர் ஒருவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்திற் பிடித்து எனக்குக் காட்டினார். உலோகம் பால்வெண்மையாகத் தெரிந்தது. எலும்பு அதனைவிட மங்கிய வெண்மை. இரண்டிற்கும் நடுவே, தண்டின் ஓரத்தைத் தொடர்ந்து, பென்சிலாற் கீறியதுபோல ஒரு கருங்கோடு. “இந்தக் கோடு இருக்கக்கூடாது. எலும்பு உலோகத்தைப் பிடிக்கவில்லை. நடுவில் மெல்லிய தசைநார்ப் படைதான் வளர்ந்திருக்கிறது” என்றார். அப்பாயி சொன்ன கதவாணியையே அவர் வேறு சொற்களிற் சொன்னார். மலைக்காட்டு மூதாட்டியின் உடல் உணர்ந்ததும் கதிர்ப்படம் உரைத்ததும் ஒன்றாக இருந்த அந்தக் கணமே, நான் பிற்காலத்தில் எதனைப் படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது என்றால் மிகையாகாது.

அப்பாயியின் எலும்பில் இருந்தது ‘ஒஸ்டின் மூர்’ வகைத் தண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை வைத்தியர் ஒஸ்டின் மூர், 1940 இல் பொல்மன் என்பவருடன் சேர்ந்து, ஒரு நோயாளியின் தொடையெலும்பின் மேற்பகுதிக்குப் பதிலாக உலோகத்தைப் பொருத்தினார். 1950களில் அவர் உருவாக்கிய தண்டில் நீள்வட்டமான துளைகள் இருந்தன. எலும்பு அத்துளைகளினூடே வளர்ந்து உலோகத்தைப் பூட்டிக்கொள்ளும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணமே. ஆனால் துளைகளுக்கு வெளியே தண்டின் மேற்பரப்பு முழுவதும் மினுக்கிய உலோகம். அதனை எலும்பு அந்நியமாகவே கருதும். தனக்கும் அதற்கும் இடையே ஒரு திரையை எழுப்பிக்கொள்ளும். நடக்கும்போது இடுப்பு மூட்டின்மீது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாத சுமை ஏறும். நன்றாக நடமாடும் ஒருவர் ஒரு காலால் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் அடி வைக்கிறார் என்பது பொறியியலாளர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. பத்து இலட்சம் முறை அசைக்கப்படும் ஆணி தளராமல் என்ன செய்யும்?

எலும்பு தன் உறவென்று ஏற்றுக்கொள்ளும் பொருளால் உலோகத்தை மூடிவிட்டால் என்ன என்ற வினா இங்கேதான் எழுகிறது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு கனிப்பொருள். கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த அந்த உப்பை ஐதரொட்சி அபற்றைற்று என்பர்; இனி அபற்றைற்று என்றே குறிப்பிடுகிறேன். இதன் நெருங்கிய உறவுக் கனியம் நம் நாட்டின் எப்பாவெலவில் மலையாகக் கிடக்கிறது. 1971 இற் கண்டறியப்பட்ட அப்படிவின் கல்லை அரைத்துத் தேயிலைக்கும் தென்னைக்கும் உரமாக இடுகிறார்கள். எலும்புப் பூச்சுக்கு ஏற்ற உலோகமாகிய தைத்தேனியத்தின் தாதுவோ திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கருமணலாகக் கிடக்கிறது. அதனை அள்ளிக் கப்பலேற்றுவதே நம் தொழிலாக இருந்து வந்துள்ளது. அப்பாயி உரமூட்டை அடுக்கிய தோளோடு படங்கு கட்டி மலையேறியவர். தன் எலும்புக்கு உறவான கல்லைத்தான் சுமந்தோம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

உயிருள்ள எலும்போடு நேரே பிணையக்கூடிய பொருளை மனிதன் செய்ய முடியும் என்று முதலிற் காட்டியவர் புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் லரி ஹெஞ்ச். 1967 இல் ஒரு மாநாட்டுக்குப் பேருந்திற் செல்லும்போது பக்கத்து இருக்கையிலிருந்த படை அதிகாரி, வியட்நாம் போரில் அவயவம் இழந்து வருவோரைப் பற்றிக் கூறி, உடல் நிராகரிக்காத பொருளொன்றைச் செய்ய இயலாதா என்று கேட்டாராம். 1969 இல் ஹெஞ்ச் ஒரு கண்ணாடியை உருக்கி எடுத்தார். அதில் எடைப்படி 45 வீதம் சிலிக்கா. எஞ்சியவை சோடியம், கல்சியம், பொஸ்பரசு ஆகியவற்றின் ஒட்சைட்டுகள். எலியின் எலும்பிற் பதித்த அக்கண்ணாடித் துண்டைப் பின்னர் பிடுங்க இயலவில்லை. அபற்றைற்றுப் பூசிய இடுப்புத் தண்டு 1985 இல் இலண்டனில் பேர்லோங் என்ற வைத்தியரால் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. மின்வில்லில் உண்டாகும் பத்தாயிரம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடைய வாயுச் சுடரினுள் அபற்றைற்றுத் தூளை ஊதி, உருகிய துளிகளை உலோகத்தின்மீது அறைந்து படியவைப்பர். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குக்கு மேற்படாத தடிப்பு. இன்று உலகெங்கும் இம்முறையே பெருவழக்கு.

ஆயின் பூச்சை எலும்பு பிடித்துக்கொண்டாலும், உலோகம் பூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே! எலும்புப் பக்கத்துச் சிக்கலைத் தீர்க்கப்போய், அதே சிக்கலை ஒரு படி உள்ளே தள்ளிவிட்ட நிலைதான் இது. பூச்சு உரிந்தால் கழன்ற துணுக்குகள் மூட்டினுள் மணலாக அரைக்கும். முன்னையிலும் பின்னையது கேடாகும். இத்துறையில் ஆண்டுதோறும் வெளியாகும் கட்டுரைகளிற் பல எலும்பைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன என்பது என் கருத்து. சிக்கல் உண்மையில் உலோகத்தின் பக்கம்தான் இருக்கிறது.

இதனை எனக்கு விளக்கியவை இரண்டு. ஒன்று, எங்கள் வீட்டு எனாமல் கோப்பை. எனாமல் என்பது இரும்பின்மீது உருக்கிப் பிடிக்கவைத்த கண்ணாடியே. அந்தக் கண்ணாடி இரும்பைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்குமாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது. சூளையிலிருந்து எடுத்து ஆறவிடும்போது இரும்பு அதிகம் சுருங்கிக் கண்ணாடியை நெருக்கும். கண்ணாடி நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தைத்தேனியத்தின்மீது அபற்றைற்றை வைத்தால் நிலைமை தலைகீழ். ஒரு மீற்றர் நீளத் தைத்தேனியக் கோல் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் நீளும், அபற்றைற்றோ 1.3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் நீளும். ஆறும்போது பூச்சு அதிகம் சுருங்க முயலும், உலோகம் விடாது. பூச்சு இழுபட்டு வெடிக்கும். ஹெஞ்சின் கண்ணாடிக்கும் இதே கதிதான். சிலிக்காவைக் கூட்டினால் விரிகை குறையும், உலோகத்தோடு பொருந்தும். ஆனால் சிலிக்கா 60 வீதத்தைத் தாண்டியதும் எலும்போடு பிணையும் குணம் போய்விடும். கலிபோர்னியாவின் பேர்க்கிலி ஆய்வுகூடத்தார் இதற்கு எனாமற்காரரின் தந்திரத்தையே கையாண்டனர்: உலோகத்தோடு ஒட்டும் கண்ணாடியை அடியிலும் எலும்போடு ஒட்டும் கண்ணாடியை மேலுமாக இரு படைகள் வைத்தனர்.

மற்றொருவர் என் தந்தையார். தோட்டத்தில் மேசன் வேலை செய்பவர். பழைய லயச் சுவருக்குப் புதிதாகச் சீமெந்து பூசுவதற்கு முன் அவர் உளியை எடுத்துக்கொண்டு சுவர் முழுவதையும் அம்மைத்தழும்புபோலக் கொத்துவார். பிறகு நீர் தெளிப்பார். பிறகு சீமெந்துப் பாலைக் கரைத்து விசிறுவார். அதன்மீதுதான் சாந்து. பூசி முடிந்ததும் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, வெயிற்படாமற் காப்பார். விடுமுறையில் நான் அவருக்கு எடுபிடி. இவ்வளவு ஆயத்தம் எதற்கு என்று சிறுவயதிற் சலித்துக்கொண்டதுண்டு.

“செவத்தக் கொத்தாமப் பூசுனா ரெண்டு மழைக்கு நிக்காதுப்பா. பூச்சு நல்லதா கெட்டதாங்கிறது பொறவு. அடிச்செவரு பிடிமானம் குடுக்கணும்” என்பார் அவர்.

பாடநூலில் நாம் ‘ஒட்டற்பண்பு’ என்று கற்றதற்குப் ‘பிடிமானம்’ என்ற சொல் எவ்வளவு பொருத்தம்! கலைச்சொல் ஆக்கும் அறிஞர்கள் தோட்டத்து மேசன்மாரையும் ஒரு தடவை விசாரித்திருக்கலாம்.

உலோகத்தைக் கொத்தும் வழி எளிது. கடினமான அலுமினா மணலை வேகமாக வீசி மேற்பரப்பைக் கரடாக்குவர். பூச்சு அப்பள்ளங்களிற் பற்றிக்கொள்ளும். ஆனால் இது பூட்டே ஒழியப் பிணைப்பன்று. சீமெந்துப் பாலுக்கு நிகரான ஒன்று வேண்டும். ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்துக் கொக்குபோ குழுவினர் 1990களில் அதனை உலோகத்திற்குள்ளேயே தேடினர். தைத்தேனியத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் 60 பாகையில் ஒரு நாள் ஊறவைத்து, பின் 600 பாகையிற் சூடாக்கினர். உலோகத்தின் தோலே சோடியம் தைத்தேனேற்றாக மாறிவிடுகிறது. குருதிநீருக்கு ஒப்பான கரைசலில் இட்டால் அதன்மீது அபற்றைற்று தானே முளைக்கிறது. தூளை அறைய வேண்டிய தேவையே இல்லை. மாற்றம் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாகக் குறைந்து செல்வதால், உரிவதற்கென்று ஓர் எல்லைக்கோடும் இல்லை. ஜப்பானில் 2007 முதல் இம்முறையால் ஆக்கப்பட்ட இடுப்பு மூட்டுகள் நோயாளருக்குப் பொருத்தப்பட்டு வருகின்றன.

நமக்கு இன்னும் அண்மையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம்.ஜி. ராஜபக்ஷவும் விஜேசிங்க முதலானோரும் சேர்ந்து 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. அவர்கள் வேறெந்த இரசாயனமும் சேர்க்காமல் தைத்தேனியத் தகட்டைச் சூடாக்குகிறார்கள், அவ்வளவே. காற்றில் எப்போதும் தைத்தேனியத்தின்மீது சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுத் தோல் இருக்கும். சூடேற்றும்போது அது தானே வளர்ந்து தடிக்கிறது. அத்தோலையே பிணைப்பானாகக் கொண்டு, அதன்மேல் அபற்றைற்று நுண்கோல்களை நுண்துளிகளாகத் தெளித்துப் படியவைத்தனர். உடற்பாய்மத்துக்கு ஒப்பான கரைசலில் வெறுந்தகடே மிக வேகமாக அரிக்கப்பட்டது. 700 பாகையிற் சூடாக்கிய தகட்டில் அரிப்பு மிகக் குறைவாக இருந்தது. எலும்புக் கலங்களுக்கு ஒத்த கலங்கள் அதில் நஞ்சேறாது வாழ்ந்தன. செலவு குறைந்த முறை என்பதை அவர்கள் அழுத்திக் கூறுகிறார்கள். பிற நாட்டார் அச்சொல்லை எளிதிற் கடந்து செல்லக்கூடும். விலையுயர்ந்த பூச்சுத் தண்டை வாங்க எங்கள் வீட்டில் வழியில்லாதிருந்ததை அறிந்த நான் அதைக் கடந்து செல்ல இயலாது.

அக்கட்டுரையைப் படித்த துணிவில், இறுதியாண்டு ஆய்வுக்காக விரல்நக அளவுத் தைத்தேனியத் தகடுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். அபற்றைற்றை நீற்றிய சுண்ணாம்பும் பொஸ்போரிக் அமிலமும் கொண்டு நானே வீழ்படிவாக்கினேன். விடுமுறையில் இதை விவரித்தபோது அப்பாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “இந்தச் சுண்ணாம்பா?” என்று விரலை நீட்டினார். கிட்டத்தட்ட இதுதான் என்றேன். வெகுநேரம் சிரித்தார். அன்றிலிருந்து என் அபற்றைற்றுக்கு ‘மாவு’ என்று பெயரிட்டுவிட்டார். “மாவு நின்னுச்சா ராசா?” என்பதே தொலைபேசியில் அவருடைய முதற் கேள்வியாக இருக்கும்.

மாவு நிற்கவில்லை. கண்ணாடிபோல் மினுக்கிய முதல் தகட்டில் ஒட்டுநாடாவை ஒட்டிப் பிரித்தபோது பூச்சு முழுவதும் நாடாவோடு வந்துவிட்டது. தகடு பழையபடி பளபளத்தது. கரடாக்கிச் சூடேற்றிய தகடுகளில் நாடா வெறுமையாக வந்தது. மகிழ்ச்சியில் மூன்றாந் தொகுதியைப் பூசி மீண்டும் உலையில் வைத்தேன். அன்று தீபாவளிக்கு முந்திய வாரம். பதுளைக்குச் செல்லும் இரவு வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில், உலை ஆறும்வரை காத்திராமல் தகடுகளை இடுக்கியால் எடுத்துக் கல்மேசையில் வைத்தேன். மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல் மெல்லிய ஒலிகள் கேட்டன. குனிந்து பார்க்கும்போதே பூச்சு செதில் செதிலாக எழும்பிற்று. விரிகைத்திறன் பற்றிய சூத்திரத்தைத் தேர்வில் எழுதிப் புள்ளி பெற்றவன்தான் நான்! ஈரச்சாக்குத் தொங்கவிடும் தந்தையாரின் நினைவு வண்டி ஏறிய பிறகுதான் வந்தது.

பின்னர் பொறுமையாக ஆறவிட்டவை தேறின. அவற்றை இழுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. பூசிய முகத்தை மற்றோர் உலோகத் துண்டோடு வலிய பசையால் ஒட்டி, எந்த விசையிற் பிரிகின்றன என்று அளப்பர். சர்வதேச நியமம் குறைந்தது 15 மெகாபஸ்கால் கேட்கிறது. அதாவது ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ 150 கிலோ எடையைத் தொங்கவிட்டாலும் பூச்சு விடக்கூடாது. என் தகடுகளிற் பல அந்த எல்லையை எட்டவில்லை. இரண்டில் பூச்சு விடுமுன் பசை விட்டுவிட்டது. பசை முதலில் விட்டால் பூச்சின் உண்மையான வலிமை தெரியாமலே போய்விடும். அன்றியும், ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு முறை நேராக இழுப்பது வேறு. உப்புநீரில் ஊறியபடி, ஆண்டுக்குப் பத்து இலட்சம் முறை சாய்வாகத் தேய்வது வேறு. 700 பாகையை விட்டு மேலும் மேலும் வெப்பத்தைக் கூட்டினால் ஒட்சைட்டுத் தோல் தடித்து, அதுவே உலோகத்தை விட்டுச் செதிலாகக் கழன்றுவிடும் என்பதையும் கைப்படக் கண்டேன். பிடிமானம் கொடுக்கும் படையும் மெலிதாக இருக்கும்வரைதான் பிடிமானம்.

அப்பாயிக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை செய்து வேறு தண்டு பொருத்தலாம் என்றார்கள். அவருக்கு வயது எழுபத்தாறு, இருதயமும் பலவீனம். “ஒருக்கா அறுத்தது போதும்” என்று மறுத்துவிட்டார். மூலையிற் சாத்திய கோலை மீண்டும் எடுத்துக்கொண்டார். இஸ்தோப்பிலிருந்து எழும்போது தூணைப் பிடித்துச் சிறிது நின்று, வலி அடங்கியதும் நடப்பார். மலைக்குச் செல்லும் பெண்களின் கூடைகளை எண்ணிக்கொண்டு நிற்பவர்போல் தோன்றும். உண்மையில் அவர் தம் இடுப்பு சம்மதிக்கும்வரை காத்து நின்றார். அப்படி ஆறு ஆண்டுகள்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் அவர் மறைந்தார். தகனம் செய்தோம். மறுநாட் காலை அஸ்தி சேகரிக்கச் சென்றபோது சாம்பலுக்குள் அந்தத் தண்டு கிடந்தது. தீயிற் கறுத்திருந்தது, வேறொரு சேதமும் இல்லை. தந்தையார் அதை எடுத்து வேட்டி முனையாற் துடைத்தார். நெடுகிலும் துடைப்புக்கு ஒன்றும் தடங்கவில்லை. அத்தனை ஆண்டுகள் எலும்பினுள் இருந்தும் எலும்பின் சுவடே அதில் இல்லை. மேற்பக்கத்துத் துளைக்கு வந்தபோது கை நின்றது. அத்துளையினுள் வெண்ணிறமாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தாற் கீறினார். பிறகு குச்சியொன்றால் தள்ளினார். அசையவில்லை.

“இந்த ஓட்டையில மட்டும் பிடிச்சிருக்குடா” என்றார்.

அஸ்தியோடு அதையும் ஆற்றில் விடுவதா என்று உறவினரிடையே சிறிது பேச்சு நடந்தது. முடிவில் தந்தையார் அதைப் பழைய துண்டிற் சுற்றி என்னிடம் தந்தார். அது இப்போது ஆய்வுகூடத்தில் என் மேசை இழுப்பறையில், தகடுகளின் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. துளையிலிருப்பதை அறுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கலாம் என்று என் மேற்பார்வையாளர் இரு தடவை கூறிவிட்டார். நான் இன்னும் அறுக்கவில்லை.